பிலோமியின் மூக்கு

காய்ச்சல் போய் எட்டு மாசம்.
மூக்கு மட்டும் லீவு லெட்டர்கூடக் கொடுக்காமல்
இன்னும் வேலைக்கு வரவில்லை என்றாள் பிலோமி.
விடுதிச் சமையல்காரி.
நூற்றிப்பத்துப் பிள்ளைகளுக்குக் கைக்கணக்கில் சாம்பார் வைப்பவள்.
தாளிப்பு கருகுவதைப்
பாத்திரம் கழுவும் பெண் ஓடிவந்து சொல்ல வேண்டியிருக்கிறது.
வார்டன் ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்தார்,
ஒன்றும் சொல்லவில்லை.
அந்த ஒன்றும்தான் அவளை அரித்தது.

"மலைக்குப் போவோம்டி. தின்னுக்கிட்டே போவோம்.
எதுலயாவது மாட்டும்."

தம்பியின் ஆம்னியை எடுத்தேன்.
பெட்ரோல் என் செலவு, தீனி அவள் செலவு.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு எதிரில்
காலை ஆறரைக்கு இட்லியும் குடல் குழம்பும்.
காரம் தெரிகிறது, சூடு தெரிகிறது,
குடல் ரப்பராகத் தெரிகிறது, அவ்வளவுதான் என்றாள்.
டம்டம் பாறையில் அவள் கடலைப் பொட்டலத்தைப் பறித்த குரங்கு
முதலில் அதை முகர்ந்தது.
பிறகுதான் பிரித்தது.
கடலை போனதில் அவளுக்கு வருத்தமில்லை.
அந்த முகர்தலைத்தான் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஊத்தில் காப்பிக்கொட்டை அரைக்கிற கடை.
மிஷின் வாய்க்குள் தலையை விடாத குறை.
முகமெல்லாம் பொடி, மூன்று தும்மல்.
"வழி அடைக்கல பாரு" என்று சந்தோஷப்பட்டாள்.
டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள்:
"வெந்நீர்ல கசப்பு.
நீ சொல்லு, எப்படி இருக்கு?"

நான் யோசித்தேன்.
"மழை விட்டப்புறம் நனைஞ்ச விறகு
மெதுவாப் பத்திக்கிற மாதிரி…"
"காப்பியில விறகு எதுக்குடி?"
அதற்குமேல் நான் வர்ணிக்கவில்லை.

பெருமாள்மலையில் ப்ளம்ஸ், உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி.
சாறு முழங்கைவரை வழிந்தது.
ஏரிக்கரையில் மோமோ.
மூஞ்சிக்கல் பேக்கரியில் அப்போதுதான் இறக்கிய பன்;
ஒன்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு
"தலகாணி" என்றாள்.
மிச்சத்தைக் கட்டிக்கொண்டோம்.

கடைசி நம்பிக்கை பூம்பாறைப் பூண்டு.
புகைமூட்டத்தில் காய்ந்த கொத்து.
ஒரு பல்லைக் கல்லில் நசுக்கி
மூக்கோடு வைத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணீர் வந்தது.
"தள்ளி நிக்கிற எனக்கே எரியுதே தாயி" என்றாள் விற்பவள்.
பிலோமி பேரம் பேசாமல் அரைக்கிலோ வாங்கினாள்.
அவள் பேரம் பேசாததை
நான் அன்றுதான் பார்த்தேன்.

இறங்கும்போது வண்டிக்குள் பேச்சில்லை.
வழியெல்லாம் கேரட் கழுவுகிறார்கள்.
பெருமாள்மலை தாண்டியதும் பனி.
வளைவுக்கு வளைவு பிரேக்கிலேயே கால்.

"ஏதோ கருகுது."

"உனக்குத் தாளிப்பு ஞாபகம்."

"இல்லடி. அடுப்புல செருப்பு விழுந்தா வருமே, அது. நிறுத்து!"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
அரைக்கிலோ பூண்டு என் மூக்கை நிறைத்திருந்தது.

ஓரங்கட்டி இறங்கினால்
முன்சக்கரத்தில் புகை.
தம் உடைத்த பிரியாணி அண்டாவைப் பார்ப்பதுபோல்
முட்டிபோட்டுக் குனிந்தாள் பிலோமி.
இழுத்தாள். இருமினாள். மறுபடி இழுத்தாள்.
"எந்திரி, விஷம்டி அது."
"சும்மா இரு. எட்டு மாசம்."

மேலே ஏறிய ஜீப்காரர் தலையை நீட்டி
"தண்ணி ஊத்திராதீங்க, தானா ஆறட்டும்" என்று போனார்.
கல்லில் உட்கார்ந்து பன்னைப் பிரித்தோம்.
முகர்ந்து பார்த்தாள்.
இல்லை.
பூண்டுப் பையைத் திறந்தாள்.
இல்லை.
சக்கரத்தின் பக்கம் திரும்பினாள். இருந்தது.

"சாம்பார் எப்படியோ போகட்டும்," என்றாள்,
"விடுதி அடுப்புல செருப்பு விழுந்தா
இனிமே நான்தான் மொதல்ல கண்டுபிடிப்பேன்."

பன்னைப் பாதியாகப் பிய்த்தாள்.
பெரிய பாதியை அவளே எடுத்துக்கொண்டாள்.