ஆறாம் நாள் பச்சை

சஸ்கட்டூன் சமூகக்கூடத்து அடுக்களை.
முதலுதவிப் பயிற்சி ஒன்பது மணிக்கு;
அதற்குள் ஐந்து பேருக்கு அடிபட்டாக வேண்டும்.

வாஸலினும் மைதாவும் பிசைந்தால் தோல்.
டிஷ்யூவை ஒற்றை இழையாகப் பிரித்து
சுருக்கம் விழ ஒட்டினால் தீக்காயம்.
சோளப் பாகில் சிவப்புச் சாயம்,
கூடவே ஒரு சிட்டிகை கோகோ.
இல்லாவிட்டால் ரத்தம் ஜாம் மாதிரி இருக்கும்.

முன்கை பிளந்த தபால்காரர் வாலஸ்
டோனட் தின்கிறார்.
"சிரிக்காதீங்க, காயம் உதிருது."

கடைசியாக ஹீதரின் கன்னம்.
டாலர் கடை ஐஷேடோ, பன்னிரண்டு நிறம்.
எல்லாரும் ஊதாவோடு நிறுத்திவிடுவார்கள்.
நான் விரல்நுனியால் ஓரத்தில் பச்சை ஒற்றுகிறேன்,
அதற்கும் வெளியே மஞ்சள்,
பழைய செய்தித்தாள் மஞ்சள்.
ஆறு நாள் ஆன அடி.

"அச்சு அசல்! எங்கே கற்றீர்கள்?"
பயிற்சியாளர் குனிந்து பார்க்கிறார்.
வீடியோ பார்த்து, என்றேன்.

வின்னிபெக்கில் நான்கு வருடம்
இப்படியே ஒரு பெட்டி வைத்திருந்தேன்.
ஊதாவுக்கு மேல் ஆரஞ்சு,
மஞ்சளுக்கு மேல் இளஊதா,
எல்லாவற்றுக்கும் மேல் என் நிறம்.
பஸ்ஸில், வேலையில், கோயில் பந்தியில்
எங்கே கற்றாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.
அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன்.

மணி அடிக்கிறது.
கையுறை மாட்டிய பத்தொன்பது வயசுப் பையன்
வாலஸின் ரத்தத்தைத் தாண்டிப் போய்
ஹீதர் முன் மண்டியிட்டு
பயிற்சித் தாளில் இல்லாத ஒன்றை
மெதுவாகக் கேட்கிறான்:
"இப்ப வீட்டுக்குப் போக உங்களுக்குப் பயமா இருக்கா?"

நான் மாவுக் கிண்ணத்தைக் கழுவுகிறேன்.
வாஸலின்,
லேசில் போகாது.