இடது பக்கம் திரும்பினால்

அட்டன் – பொகவந்தலாவை, நாளைக்கு ஆறு தடவை.
பதினேழு வருஷமாக எதையும் பிடிக்காமல் நின்று
மிச்சக்காசு எண்ணியவன் நான்.
வளைவுகள் என் கால்களுக்குத் தெரியும்.
எலுமிச்சம்பழம் முகர்கிறவர்களுக்குப்
பொலித்தீன் பை நீட்டுவதும் நான்தான்.

போன செவ்வாய் விடியற்காலை
கட்டிலில் இடது பக்கம் திரும்பினேன்.
தகரக்கூரை சுழன்றது.
அலாரத்தை நிறுத்தப் போன கை
சுவரைப் பிடித்துக்கொண்டது.
இருபதோ முப்பதோ எண்ணுவதற்குள்
எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்து நின்றது,
வயிற்றைத் தவிர.

பித்தம் என்றாள் பவளக்கொடி, இஞ்சி தட்டினாள்.
ராத்திரி போட்டது இறங்கவில்லை என்றான் டிரைவர்.
நான் தொட்டு ஐந்து வருஷம்.
தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரஷர் பார்த்து
இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள்,
அங்கே எல்லாருக்கும் அதுதான்.

டிக்கோயா ஆஸ்பத்திரி வாங்கில்
என்னோடு இன்னும் மூன்று பேர்.
நோர்வூட் டீச்சருக்குக் காதுக்குள் குக்கர் விசில்;
தொடங்கினால் பாதி நாள் சுற்றுமாம்,
அந்தக் காது கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறதாம்.
தடிமன் விட்ட மறுவாரம் விழுந்த பையன்
மூன்று நாளாகச் சுவரை விடவில்லை.
கூடை இறக்கி நிமிரும்போது மட்டும்
கண் இருட்டுகிற ஓர் அக்கா, உள்ளங்கை வெளுத்து.
அவளுக்குத்தான் போயிருக்க வேண்டும்
என் பையிலிருந்த மாத்திரை.

டொக்டர் தமிழைத் துண்டு துண்டாக வைத்தார்:
"கல்லு. சின்னக் கல்லு. காது உள்ளே."
எல்லார் காதிலும் உண்டாம் அந்தச் சுண்ணாம்புத் துகள்,
ஒட்டிக்கொண்டு, சத்தமில்லாமல்.
எனக்கு ஏதோ கழன்று
வளைந்த குழாய்க்குள் ஏறிவிட்டது.
நான் நின்ற பிறகும் அது ஓடுகிறது.
மூளை அதைத்தான் நம்புகிறது.

பஸ் மாறி ஏறிய ஆள். எனக்குப் புரிந்தது.

தலையை இடப்பக்கம் திருப்பிச்
சட்டென்று படுக்கவைத்தார்.
சுவரிலிருந்த டெங்கு போஸ்டர்
போய்க்கொண்டே இருந்தது.
என் கண் துடிப்பதை அவர் பார்த்தார்.
"போறது?"
"போகுது."
"இன்னும்?"
"ம்... நிக்குது."
பிறகு வலம். பிறகு தோளோடு இன்னும் வலம்,
மூக்கு தரையைப் பார்க்கும் வரை.
உதடு அசையாமல் சொன்னேன்:
இறங்கு தம்பி, உன் ஹோல்ட் இது.

எழுப்பி உட்காரவைத்தார்.
"திரும்ப வரும். வராது. தெரியாது," என்று சிரித்தார்.

வெளியே எங்கள் பஸ், மூன்றாவது ட்ரிப்.
எனக்குப் பதிலாக நின்ற பயல்
ஆளைத் தெரியாமல் டிக்கெட் கேட்டான்.
எடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

நோர்வூட் தாண்டி, இடது வளைவு.
முன்சீட்டுக் கம்பியை
நான் சொல்லாமலே பிடித்திருந்தது கை.