முப்பது மீட்டர் நாடா

சொஹாரில் எங்கள் பள்ளிக்கூடத்து அளவுநாடா
பத்து மீட்டர்.
பெர்னிலா கொரைரா ஒன்பதாம் வகுப்புக்கு வரும்வரை
அது தாராளம்.

குண்டு விழுந்த குழியில்
பூஜ்ஜியத்தை ஊன்றிப் பிடிப்பது என் வேலை.
அன்றைக்கு மறுமுனை வட்டத்தை எட்டாமல்
ஷைலஜா மிஸ் கையில் தவித்தது.
கையால் இழுத்தார், நாடாவா நீளும்?
தையல் டீச்சரிடம் வாங்கி வந்து
முடிச்சுப் போட்டு அளந்தோம்:
பதினொன்று நாற்பத்திரண்டு.

முடிச்சு செல்லாது என்றார் நடுவர்
ஹிலால் அல் மக்பாலி.
சொல்லிவிட்டு, வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்து
குழிவரைக்கும் அடிமேல் அடி வைத்து
தானே ஒரு முறை நடந்து பார்த்தார்.
திரும்பி வந்து பேனாவை மூடிக்கொண்டார்.

அவளுடைய முதல் சாதனை
எந்த நோட்டிலும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை சூக்கில்
நாலரை ரியால் கொடுத்து
முப்பது மீட்டர் நாடா வாங்கினேன்.
நாலரை ரியால் என்றால்
எத்தனை வேளைச் சோறு என்று
அறையில் கணக்குப் போட்டுச் சிரித்தார்கள்.
சிரிக்கட்டும்.

ஜூன் மாதத்து நாலு மணிக்கு
இரும்பைக் கையால் தொட முடியாது.
கேன்டீன் ஐஸ் பெட்டியில்
லபன் பாட்டில்களுக்கு நடுவே
குண்டை உருட்டி வைத்திருப்பாள்.
எடுத்துத் துடைத்து,
தாடைக்குக் கீழே சில்லென்று வைக்கும்போது
ஒரு நொடி கண்ணை மூடுவாள்.
அந்த ஒரு நொடிதான் ஓய்வு.
பிறகு முதுகைக் காட்டிக் குனிவாள்,
வட்டத்தில் கால் உரசும் சத்தம்,
தொண்டையிலிருந்து ஒரு 'ஹக்',
நான் ரெண்டு எட்டு பின்னால் போவேன்.

போன வாரம் நின்ற இடத்தில்
இந்த வாரம் நிற்க முடியாது.
அப்படித்தான் எனக்குத் தெரியும் அவள் வளர்ச்சி.
பன்னிரண்டு ஆறு.
பதின்மூன்று ஐம்பது.
மஸ்கட்டில், எல்லாப் பள்ளிகளும் பார்க்க,
பதினாலு முப்பத்தொன்று.
எட்டு வருஷம் ஆடாமல் இருந்த எண்ணை
ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிவைத்தாள்.
மக்பாலியே எழுதினார், இரண்டு முறை அடிக்கோடிட்டு.

ஆனால் பெரிய போட்டிப் பட்டியலில்
அவள் பெயருக்கு நேராக 'விருந்தினர்'.
பிறந்தது சொஹார் ஆஸ்பத்திரியில்,
தூங்கியதும் தேறியதும் இந்த உப்புக்காற்றில்.
லீவுக்குத் தூத்துக்குடி போனபோது
தேர்வுக்கு நின்றாளாம்.
எந்த மாவட்டம் என்று கேட்ட குமாஸ்தாவிடம்
சொஹார் என்றாளாம்.
அவர் அதை ஆத்தூருக்கும் ஏரலுக்கும் பக்கத்தில்
தேடிப் பார்த்தாராம்.
சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.
சிரித்து முடித்ததும்
குண்டை வெகுதூரம் போட்டாள்.

துறைமுகத்தில் புது கிரேன்கள் வந்தன.
அவற்றில் ஆள் ஏற வேண்டியதில்லையாம்.
அவள் அப்பா இருபத்திரண்டு வருஷம்
ஏறி இறங்கிய ஏணியில்
இப்போது காக்காய் உட்கார்கிறது.

போகும் நாளைக்கு முந்தின சாயங்காலம்
ஆறு எறிதல். ஆறும் ஒரே மூலையில்.
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்:
"அண்ணே, அந்தக் குழியை மூடிடுங்க.
சின்னப் பிள்ளைங்க ஓடும், கால் இடறும்."
தண்ணீர் தெளித்து, மண் போட்டு
அன்றைக்கே மூடினேன்.

நேற்று ராத்திரி போனில் ஒரு படம்.
இப்போது நாலு கிலோ குண்டு.
கீழே வெறும் எண்: 15.08.

கட்டிலுக்கடியிலிருந்து நாடாவை எடுத்தேன்.
பதினாலு முப்பத்தொன்று வரைக்கும்
சொஹார் மண் ஏறிப் பழுப்பு.
அதற்கப்புறம் கடையில் வாங்கிய மஞ்சள்,
வெயிலே படாதது.

பூஜ்ஜியத்தைக் கட்டில் காலில் மாட்டிவிட்டு
வராந்தாவில் இழுத்துக்கொண்டு போனேன்:
குடிதண்ணீர் மிஷின் தாண்டி,
ஏழாம் நம்பர் அறை தாண்டி,
ஈரச் சட்டைகள் சொட்டும் கொடி தாண்டி.
சுவரோரம் காலை நீட்டி
ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார் பக்த் ஜாதா.
போனைப் பொத்திக்கொண்டு கேட்டார்,
இங்கே புதுசா சுவர் எழுப்பப் போகிறார்களா என்று.

இல்லை, பாய்.
காலை மட்டும் கொஞ்சம் மடக்குங்க.
இன்னும் வரணும்.