வட்டவிதானைக் கூலி

நூற்று நாற்பத்தொன்பது டொலர்.
முந்நூற்று இரண்டால் பெருக்கினால்
நாற்பத்தையாயிரத்துக்கு இரண்டு ரூபாய் குறைவு.
சம்மாந்துறையில் இப்போது நெல் போகிற விலைக்கு
ஏறக்குறைய ஏழு மூடை.
ஏழையும் ஒரு வருடத்தில் தின்றுவிட்டு
மறுபடி வாய் திறக்கும்
நிரல் எழுதுகிற மென்பொருள் ஒன்று.

"வாங்குவம்" என்றான் மதனரூபன்.
"சும்மா கிடைக்கிறத விட்டிட்டா?" என்றேன்.
கல்முனைப் பிரதான வீதியில்
ஹாட்வெயார் கடைக்கு மேலே எங்கள் அறை.
கீழே ஆணி நிறுக்கிறார்கள், தட்டில் விழுகிற சத்தம் கேட்கும்.
எங்களிடம் தராசு இல்லை.

உதுமாலெவ்வை ஹாஜியாரின் ஆலைக்கு
நெல் வாங்குகிற கணக்கு எழுதினோம்.
ஈரம் கழித்து, பதர் கழித்து, சாக்கின் நிறை கழித்து
மிச்சம் எத்தனை கிலோ?
மூடைக்கு அரைக் கிலோ எங்கோ காணாமல் போனது.
ஆலையில் என்றால் ஆளைப் பிடித்திருப்பார்கள்.
இது என் வரிகளுக்குள் நடந்த களவு.

மூன்று இரவு தேடினேன்,
இலவசத் திரையின் கறுப்பில்.
நாலாம் காலை காரைதீவிலிருந்து வந்தவன்
முப்பது நாள் வெள்ளோட்டப் பிரதியில்
என் கோப்பைத் திறந்தான்.
இருபத்தேழாம் வரிக்குக் கீழே மஞ்சள் கோடு:
தசமத்தை முழு எண்ணில் அடைத்திருக்கிறாய்.
வாங்கி வைத்த பிளேன்டீ ஆறவில்லை.

"இப்ப சொல்லு, எது மலிவு?"

என் மூன்று இரவுக்கு விலை போட
எனக்குத் தெரியவில்லை.
யாரும் கேட்டதில்லை, நானும்தான்.
பூச்சியத்தால் பெருக்கிப் பழகிய இரவுகள்.

இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை.
டொலர் இல்லாத அந்த வருடம்
வங்கி எங்கள் அட்டையைத் துப்பியபோது
திறந்தே கிடந்தது இதுதானே?
கரண்ட் போய்ப் போய் வந்த நேரமெல்லாம்
கடவுச்சொல் கேட்காமல் விழித்ததும் இதுதான்.
அதற்கும் முன்னே, சீடிக் கடையில்
பூட்டுடைத்த பிரதி முந்நூறு ரூபாய்.
அதன் மீதிப் பணத்தை
வைரஸ் தின்ற என் முதல் மடிகணினி கட்டியது.

பில்லை நீட்டினேன். எண்பதாயிரம்.
ஹாஜியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"நீங்க இத செஞ்ச சாமானெல்லாம்
சும்மா கிடைக்கிறதாமே, என்ட மகன் சொன்னான்.
பொறகென்ன புள்ள எண்பது?"

"கல்லோயாத் தண்ணி சும்மாதானே ஹாஜியார்,
நெல்லுக்கு ஏன் காசு?"

"தண்ணி சும்மாவா?"
உண்மையாகவே கோபம் வந்துவிட்டது அவருக்கு.
"வட்டவிதானைக்கு ஏக்கருக்கு இவ்வளவெண்டு
களத்துலயே அளந்து குடுக்கிறம்.
ராவையில வாய்க்கால்ல நிண்டு
தண்ணியத் திருப்பி விடுறவன் ஆரு?"

சொல்லிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார்.
நானும் இருந்தேன்.
பிறகு எழுபத்தைந்துக்குக் காசோலை எழுதினார்.

அன்று இரவு அந்தக் கருவியின் பக்கத்தில்
கடைசி வரைக்கும் இறங்கிப் போனேன்.
என் நாக்குக்குப் பிடிபடாத ஒரு பெயர்,
பனி பெய்கிற ஊர்.
"எட்டு வருடமாக, வேலை முடிந்து வந்து,
இதைப் பார்த்துக்கொள்கிறேன்.
உங்களுக்கு உதவினால்..."
நான்கு வருடமாக நான் தாண்டிப் போன வரி.

பத்து டொலர் அனுப்பினேன்.
முதல் தடவை அட்டை மறுத்தது.
இரண்டாம் தடவை போனது,
அரை மூடைக்குக் கொஞ்சம் குறைவாக.

மதனரூபன் தன் பங்கில்
மற்றதை ஒரு மாதத்துக்கு வாங்கினான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மஞ்சள் கோடு தேவைப்படுகிற நாளில்
அவன் கதிரையை இழுத்துக்கொள்வேன்.

இப்போது நிந்தவூர் ஆலைக்கு அடுத்த பில்.
புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
இரவு வேலை, மூன்று.
விலைக் கட்டத்துக்குள்
இன்னும் மினுங்கிக்கொண்டிருக்கிறது
அந்த ஒற்றைக் கோடு.