மஞ்சள் விளக்கு

"சர்ச்சுக்கும் கடைக்கும் மட்டும்தான் ஓட்டினேன்"
என்றார் பெண்டில் ஹில்லில் விற்றவர்.
அதற்காகவே ஐந்நூறு கூடக் கொடுத்தோம்.
நோயே அதுதானாம்.
கிட்டத்து ஓட்டத்தில் கரி எரியாது,
ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.
மாற்றினால் நாலாயிரம் டாலர்,
இல்லாவிட்டால்
நிற்காமல் நாற்பது நிமிடம் நூறில் விரட்டு
என்றான் மெக்கானிக்.

இரவு பத்தரை. ஹியூம் ஹைவே.
போக இடமில்லாமல் போகிறோம்.
நைட்டிமேல் ஸ்வெட்டரோடு தில்லை.
இந்த ஊரில் மூன்று வருடமாய்
ஷிஃப்ட் முடிந்து வருகிறவனும்
ஷிஃப்டுக்குப் போகிறவளும்
வாசலில் சாவி மாற்றிக்கொண்டதுதான் பேச்சு.

பிக்டன் தாண்டி விளக்கு அணைந்தது.
கருகல் வாடை.
"இன்னும் கொஞ்சம் போ,
முழுசா எரியட்டும்" என்றாள்.

வியாழக்கிழமை மறுபடி மஞ்சள்.
நான் விற்றவரைத் திட்டி முடிப்பதற்குள்
அவள்
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.