ரெண்டு டம்ளருக்கு அரை டம்ளர்

ஃபீஸ் கட்டாத மாசம் மூணானதும்
பிள்ளைகள் கையிலேயே சீட்டு வந்தது.
மடித்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.
சீட்டின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
மறுநாள் காலை அதில்தான்
தரணீஷ் தன் முதல் 'ட' போட்டான்.

லைன் வீடு. ஒரு அறை, ஒரு அடுப்பு.
ஜன்னலுக்கு வெளியே ராப்பகலாக நிட்டிங் மெஷின்.
அந்தச் சத்தம் நின்றால்தான்
திருப்பூரில் எங்களுக்குத் தூக்கம் போகும்.

நூல் தீர்ந்த கோன், அட்டை, தப்பாக அச்சான லேபிள்,
கம்பெனியில் பெருக்கித் தள்ளுவதையெல்லாம்
அவர் டிபன் பாத்திரத்தில் போட்டுக் கொண்டுவருவார்.
எஸ், எம், எல், எக்ஸ்எல்:
சுபிக்ஷா இங்கிலீஷ் படித்தது அந்த வரிசையில்.
ஏ, பி, சி அப்புறம்தான் வந்தது.

நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்கா.
"பதினாறு குடம் புடிச்சா, ஒரு நாளைக்கு எத்தன?"
விரலை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கி,
"ரெண்டுங்கம்மா" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"ஒறம்பர வந்தா?"
அதற்கு நான் கணக்குப் போட்டு வைத்திருக்கவில்லை.

அரிசிம்பருப்புக்கு
ரெண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் பருப்பு.
"மூணு டம்ளர் அரிசின்னா?"
துவரம்பருப்பைத் தரையில் கொட்டி
பாதியாக்கி, அதைப் பாதியாக்கி,
எறும்பை ஊதி விலக்கி,
"அரையும், அந்த அரையில பாதியும்."
முக்கால் என்று ஒரு சொல் இருக்கிறது என்றேன்.
அன்றைக்குப் பூராவும் அதுதான்.
முக்கால் தோசை. முக்கால் தூக்கம்.
தெருமுனையில் மொபெட் சத்தம் கேட்டதும்
"அப்பா முக்காவாசி வந்துட்டாரு!"

தரணீஷுக்குச் சின்ன வெங்காயம் உரிக்கிற வேலை.
கண்ணில் நீர் வழிய வழிய
எழுந்து போகமாட்டான்.
தேங்காயின் குடுமியைப் பிய்த்தபோது
அவன்தான் கத்தினான்:
"அம்மா, அக்கன்னா!"
மூணு கண். தொட்டுப் பார்த்தோம்.
ரெண்டு கெட்டி, ஒன்று மெத்து.
மெத்தென்றிருந்ததை ஆணியால் குத்தி
ஆளுக்கு ஒரு மடக்கு தண்ணி குடித்தார்கள்.
ராத்திரி அட்டையில் எழுதும்போது
ரெண்டு புள்ளியை அடைத்துவிட்டு
ஒன்றை ஓட்டையாக விட்டான்.
நான் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தகை.
ரெண்டு பேரும் கைப்பிடியில் தொங்கினார்கள்,
அவர் முக்காலியைக் காலால் அழுத்திக்கொண்டார்.
பாதிக்கு பீட்ரூட் தண்ணி கலந்திருந்தேன்.
நூல் நூலாக, கருஞ்சிவப்பாக இறங்கியது.
"நொய்யலாட்ட இருக்குதுங்கம்மா!"
தரணீஷுக்கு அவ்வளவு சந்தோஷம்.
பஸ் பாலத்தில் போகும்போது பார்த்து வைத்திருக்கிறான்.
அவர் நிமிரவில்லை.
கல்யாணத்துக்கு முன்னால் சாயப்பட்டறையில்
ரெண்டு வருஷம் இருந்தவர்.
"நெசமா ஆறு என்ன கலருங்கப்பா?"
தேங்காய்ப்பால் ஊத்திக்க கண்ணு, ஆறிப்போகுது
என்றேன் நான்.

புதன்கிழமை ஒரு டீச்சர் கணக்கெடுக்க வந்தார்.
நெற்றியெல்லாம் வேர்வை, கக்கத்தில் நோட்டு.
"ஸ்கூலுக்குப் போகாத கொழந்தைங்க இருக்காங்களா?"
நான் வாயெடுக்கும் முன்னால் உள்ளிருந்து,
"உக்காருங்க டீச்சர், இன்னும் ஒரு விசில்தான்!"

தட்டில் போட்டதை மறுக்காமல் சாப்பிட்டார்.
பெயர், வயசு எழுதினார்.
காரணம் என்ற கட்டத்தில் 'வசதியின்மை' என்று எழுதினார்.
அது சரிதான்.
ஜூன் மாசம் ரெண்டு பேரையும் கூட்டிவரச் சொன்னார்,
பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது, காசில்லை.
நெய் கொஞ்சம் கூடுதல் போல என்று சிரித்தார்.
அது நெய்யில்லை, கடலெண்ணெய்.

குடிக்கத் தண்ணி கேட்டார்.
சுபிக்ஷா சொம்பு நிறையக் கொடுத்தாள்.
அவர் அண்ணாந்து குடித்துக்கொண்டிருக்கையில்
இவள் மெல்ல நகர்ந்து போய்
குடத்துக்குள் கையை விட்டு
விரலால் ஆழம் பார்த்தாள்.