மூன்றாவது பெட்டி

நீலப் பெட்டிகள் எட்டு.
ஒவ்வொன்றும் எட்டுக் குமிழ் அகலம்.
ரீஹிமாக்கியில் எனக்கு வாய்த்தது ஒன்றரை அறை;
அரையில் நான்,
மீதியில் ரயில்.

பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிறேன்.
இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களோடு
கதவுக்கு வெளியே நின்று பேசுவதும்
சம்பளத்தில் சேர்த்தி.

முதல் மோட்டார் மூன்று பெட்டி இழுத்தது.
நான்காவதைக் கோத்ததும்
நின்ற இடத்திலேயே சக்கரம் சுழன்றது,
பனியில் சிக்கிய கார் மாதிரி.
ரப்பர் வளையம் மாட்டினேன். போதவில்லை.
இன்னொரு மோட்டார் வாங்கி
என்ஜினுக்கடியில் முதுகோடு முதுகாய்ப் பொருத்திப்
பொத்தானை அழுத்தினால்
ஒன்று ஹெல்சிங்கிக்குப் புறப்படுகிறது,
ஒன்று கெமியார்விக்கு.
நடுவில் என்ஜின் முனகிக்கொண்டு நிற்கிறது.
என் முதல் கல்யாணத்தை
இவ்வளவு சின்னதாய் நான் பார்த்ததில்லை.
ஒன்றின் திசையை மாற்றிவிட்டேன். சண்டை தீர்ந்தது.
இதற்குச் சுவிட்ச் உண்டு.

விளக்குகள் அரிசிமணி அளவு.
கம்பி தலைமுடியைவிட மெல்லிசு;
கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே
குமிழ்களின் சந்துக்குள் பதுங்கி ஓடும்.
இழுத்தால் அறும்,
இழுக்காவிட்டால் ஜன்னலில் தொங்கும்.
முதலில் எரிந்த வெள்ளை
ஆஸ்பத்திரித் தாழ்வார வெள்ளை.
ஆரஞ்சுக் கண்ணாடித் துண்டொன்றை மேலே பதித்தேன்.
யாரோ சூப் குடிக்கிற வெளிச்சமாயிற்று.

மிச்சம் இருந்தது பேட்டரி.
ஆறு செல், ஒரு ரிசீவர்,
எல்லாக் கம்பிகளின் வால்களும்.
மூன்றாவது பெட்டியைக் காலி செய்தேன்.
இருக்கைகள் போயின, கழிவறை போயிற்று,
மேல்படுக்கையில் படுத்திருந்த பொம்மை
தொப்பியோடு இறங்கிப்போனது.
அப்படியும் கூரை மூட
ஒரு மில்லிமீட்டர் குறைந்தது.
கத்தியை எடுத்து
ஒரு கட்டையின் உள்விளிம்பைச் சீவினேன்.
ஜன்னல்களுக்குச் சாம்பல் நிறத் திரை ஒட்டினேன்.

எங்கள் மன்றத்துக்கு மூன்று விதி:
வெட்டாதே, பசை போடாதே, சாயம் பூசாதே.
நான்காவது விதி டோர்ஸ்தி.
கண்காட்சி அன்று காலையில் வந்து
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப்
பெட்டி பெட்டியாய் முகர்கிற மாதிரி பார்த்தார்.
மூன்றாவதில் நின்றார்.
"ஏன் திரை போட்டிருக்கு?"
"தூங்குறாங்க."
"எல்லாருமா?"
"எல்லாரும்."
அடுத்த மேசைக்குப் போனார்.

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடம்.
ஜனவரி; நாலு மணிக்கு முன்பே வெளியே இருட்டு.
யாரோ குழல்விளக்குகளை அணைத்தார்கள்.
ஏழு பெட்டி வெளிச்சம் வளைவில் திரும்பியது,
சிரிப்பில் ஒரு பல் போன மாதிரி
இடையில் கறுப்பாய் ஒன்று.

சீருடைக் கோட்டோடு ஒருத்தி நின்றாள்.
பெயர்ப்பட்டையில் சைமி.
வேலைக்குப் போகிற வழியில் நுழைந்திருக்கிறாள்,
காலணியில் பனி இன்னும் உருகவில்லை.
மூன்று சுற்று பேசவில்லை.
நான்காவதில் விரல் நீட்டினாள்
நேராக இருட்டை நோக்கி.

"இது எங்க பெட்டி.
திரையைப் போட்டுட்டு உள்ளே முழிச்சிருப்போம்.
சாவி, மணி, ஹீட்டர் எல்லாம் எங்ககிட்ட.
துளி வெளிச்சம் தெரிஞ்சாப் போதும்,
யாராவது வந்து கதவைத் தட்டுவாங்க.
உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
அதற்குள் கடைசிப் பெட்டி மங்கிற்று.
பாலத்து மேட்டில் ஏறும்போது
ரயில் யோசித்து, நின்றது.

மூன்றாவது பெட்டியின் கூரையைக் கழற்றினேன்,
டோர்ஸ்தி எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே.
சைமி குனிந்தாள்.
ஆறு பேட்டரி. கம்பிச் சிக்கல். சீவின கட்டை.
"காபி வைக்கக்கூட இடம் விடலியே" என்றாள்.

பிறகு கையுறையைக் கழற்றி
உள்ளங்கையை நீட்டினாள்.
தீர்ந்த செல்களை
ஒவ்வொன்றாய் அதில் வைத்தேன்.
சூடாயிருக்கு, என்றாள்.